தையலோடு நின்றுவிடாதீர்கள்: இளைஞர் வன்முறை பற்றி மருத்துவப் பணியாளர்களின் கேள்விகள்

இந்த மாதக் கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேலை பார்ப்பவர்களுடையவை. பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வெட்டுக்காயத்தோடும் உடைந்த பல்லோடும் வருகிறார்கள், மருந்து கட்டி அனுப்புவதைத் தவிர நாங்கள் என்ன செய்ய முடியும் என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் உள்ள கவலை. 15 முதல் 29 வயதுக்குள் ஆண்டுக்குச் சுமார் 1,93,000 பேர் உலகில் கொலையாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. செத்துப்போகாமல் காயத்தோடு வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களைப் போலீசுக்கும் பள்ளிக்கும் முன்னால் பார்ப்பது நீங்கள்தான்.

கேள்வி: இரவுப் பணியில் ஒரு பையன் வந்தான். வலது கை முட்டியில் அரை அங்குலக் காயம். “பைக்ல இருந்து விழுந்துட்டேன் சிஸ்டர்” என்றான். கூட வந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காயத்தை வைத்தே சண்டை என்று கண்டுபிடிக்க முடியுமா?
– செவிலியர், தாலுகா மருத்துவமனை, திருநெல்வேலி மாவட்டம்

உங்கள் சந்தேகம் நியாயமானது. பைக்கில் இருந்து விழுந்தவனுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால், தாடை என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் சிராய்ப்பு இருக்கும். அதில் மண்ணும் ஜல்லிப்பொடியும் ஒட்டியிருக்கும். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்து, நடுவிரல் அல்லது மோதிர விரல் முட்டியின் மேல் மட்டும் ஒரு சின்னக் கிழிசல் இருந்தால், எதிராளியின் வாயில் குத்தியதில் பல் பட்ட காயம் என்றே முதலில் நினையுங்கள்.

இதைச் சாதாரணக் காயமாக எண்ணித் தையல் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கை மூடியிருக்கும்போது பல் தோலையும் தசைநாணையும் துளைத்து மூட்டுக்குள் போகிறது. விரலை நீட்டியதும் தசைநாண் பின்னால் நகர்ந்து அந்தத் துளையை மூடிவிடும். உமிழ்நீர்க் கிருமிகள் உள்ளேயே அடைபட்டு, ஓரிரு நாளில் மூட்டு சீழ்பிடிக்கும். அதனால் கையை மூடச் சொல்லிக் காயத்தைப் பாருங்கள். நிறைய உப்புநீர் விட்டுக் கழுவுங்கள். தையல் போடாமல் திறந்தே விடுங்கள். பல் துண்டு உள்ளே இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். டி.டி. ஊசி போட்டிருக்கிறானா, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறானா என்று கேளுங்கள். மருத்துவர் பெரும்பாலும் அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் எழுதுவார். மூட்டு வரை போயிருந்தால் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதில் தாமதம் கூடாது.

இன்னும் சில அடையாளங்கள். சுண்டுவிரல் முட்டி உள்ளே அமுங்கி வீங்கியிருந்தால் சுவரையோ ஆளையோ குத்தியிருக்கிறான். முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக வெட்டோ கன்றலோ இருந்தால் தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்திருக்கிறான். உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் குறுக்காக வெட்டு இருந்தால் அருவாளையோ கத்தியையோ பிடித்திருக்கிறான். இந்த நிலையில் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்; தசைநாண் அறுந்தது தெரியாமல் தோலை மட்டும் தைத்து அனுப்பினால் அந்த விரல் பிறகு மடங்காது. கட்டையாலோ கம்பியாலோ அடித்தால் நடுவில் வெளிறி இரு ஓரமும் இணைகோடாகக் கன்றும். கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நம்பத்தகுந்ததல்ல.

காயம் ஒன்று சொல்ல வாய் வேறு சொன்னால் பையனை மடக்கிப் பிடிக்க வேண்டாம். பொய்யை நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. அவன் உண்மை சொல்ல ஒரு இடம் ஏற்படுத்திக் கொடுத்தால் போதும்.

கேள்வி: அந்த இடத்தை எப்படி ஏற்படுத்துவது? கேஷுவாலிட்டியில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. அம்மாவை வெளியே போகச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.
– பயிற்சி மருத்துவர், மதுரை

தனியாகப் பேச வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா முன்னாலும் கூட்டாளிகள் முன்னாலும் எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான். கூட்டாளிகளில் ஒருவனே அடுத்த சண்டைக்கு ஆள் சேர்க்கிறவனாக இருக்கலாம். அம்மாவிடம், “இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாரையும் அஞ்சு நிமிஷம் தனியாப் பாக்குறது எங்க வழக்கம்மா. நீங்க ஓ.பி. சீட்டைப் பதிஞ்சுட்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் அப்படித்தான் என்று தெரிந்தால் கோபம் வராது. பெண் பிள்ளை என்றால் பெண் செவிலியர் கூட இருக்கட்டும்.

நேரம் இல்லை என்கிறீர்கள். தையல் போடும் நேரம் இருக்கிறதே! மரப்பு ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதும் தைக்கும்போதும் பையன் எங்கேயும் போக முடியாது. உங்கள் கண்ணும் காயத்தில் இருக்கும். நேருக்கு நேர் பார்த்துக் கேட்டால் சொல்லாததை அப்போது சொல்வான்.

வீடு, படிப்பு அல்லது வேலை, சாப்பாடு, பொழுதுபோக்கும் நண்பர்களும், போதை, பாலுறவு, மன வேதனையும் தற்கொலை எண்ணமும், பாதுகாப்பு என்று எளிதில் இருந்து கடினத்துக்குப் போகும் ‘ஹெட்ஸ்’ வரிசையை வளரிளம் பருவ மருத்துவத்தில் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இரவு கேஷுவாலிட்டியில் முழு வரிசைக்கும் இடம் இராது. அப்போது நான்கு கேள்வி போதும்: “யாரு தம்பி, தெரிஞ்ச ஆளா?” “இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கா?” “இது முடிஞ்சிருச்சா, இன்னும் பாக்கி இருக்கா?” “வீட்டுக்குப் போற வழியில பயம் இருக்கா?” மூன்றாவது கேள்விதான் முக்கியம். “எவ்வளவு ஆழம், எத்தனை தையல்” என்று கேட்கும் நாம் “பாக்கி இருக்கா” என்று கேட்பதே இல்லை. “பாத்துக்கிறோம் சார்” என்று அவன் சொன்னால், கூட வந்தவர்கள் வெளியே எதற்குத் திட்டம் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

“எதுக்குடா சண்டைக்குப் போன?” என்று தொடங்காதீர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பேசுவதற்கு முன்பே எல்லையையும் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றதை வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும்.” கடைசியில் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பான்.

கேள்வி: “ஏ.ஆர். போடாதீங்க சார், போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுத வேண்டாமெனக் கெஞ்சுகிறார்கள். சில சமயம் ஊர்ப் பெரியவர்களே வந்து நிற்கிறார்கள். எதை எழுதுவது, எதை விடுவது?
– பணி மருத்துவர், அரசு மருத்துவமனை, விழுப்புரம் மாவட்டம்

முதலில் சிகிச்சை, பிறகுதான் பதிவு. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் சொன்னது இதுதான்: உயிரைக் காப்பதற்கு முன்னால் எந்தச் சட்ட நடைமுறையும் நிற்கக் கூடாது, இது அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் பொருந்தும்.

தாக்குதல் காயம் என்றால் ஏ.ஆர். பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பையன் வேண்டாம் என்றாலும் இதில் மாற்றம் இல்லை. “இதைப் பதியுறது என் கடமை தம்பி. போலீஸ்கிட்ட என்ன சொல்றதுங்கறது உன் விஷயம்” என்று முன்பே சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைமேல் பாலியல் வன்முறை என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. ராகிங் என்றும் சண்டை என்றும் வருபவர்களில் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

எழுதுவதில் வழக்கமான பிழை, “அசால்ட் பை நோன் பெர்சன்” (தெரிந்த ஆள் தாக்கினார்) என்று ஒரு வரியோடு முடிப்பது. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, சொன்னதாகக் குறிப்பிட்டு எழுதுங்கள்: எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், எந்த இடம், என்ன நேரம். “பஸ் ஸ்டாண்ட் பின்னால், டாஸ்மாக் எதிரில், இரவு 9 மணி” என்று எழுதியிருந்தால் அதற்குப் பயன் உண்டு. “வெளியூர்” என்று எழுதினால் இல்லை. காயத்தின் நீளம், அகலம், ஓரம் சீரானதா கிழிந்ததா, இரண்டு அங்க அடையாளம், கூட்டி வந்தவர் யார், பரிசோதித்த நேரம் இவை விடுபடக் கூடாது. “குடிபோதையில் ரகளை செய்தவன்” போன்ற உங்கள் தீர்ப்பு அதில் வேண்டாம். வாடை அடித்தால் “மது வாடை உள்ளது” என்று மட்டும் எழுதுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்ததாகப் பையன் சொன்னால், அந்த வார்த்தைகளை அப்படியே பதியுங்கள். ‘சமாதானம் ஆகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வதற்காக விட்டுவிடாதீர்கள். வழக்கு நடக்கும்போது அந்த ஒரு வரிக்காகத்தான் ஏ.ஆர். காப்பியைத் தேடுவார்கள்.

கேள்வி: நான் பல் மருத்துவர். என்னிடம் வருவது ஒரு பல், மிஞ்சினால் தாடை எலும்பு முறிவு. இதில் எனக்கு என்ன பங்கு?
– ஈரோடு

இந்தத் துறையில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் உங்கள் துறைக்காரர்தான். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் வாய், தாடை அறுவை மருத்துவராக இருந்த ஜொனதன் ஷெப்பர்ட், தன்னிடம் வரும் வன்முறைக் காயங்களில் பெரும்பங்கு போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டார். அதன்பிறகு அவசரப் பிரிவின் வரவேற்பு எழுத்தர்கள், தாக்குதல் காயத்தோடு வருபவரிடம் எந்த இடம், எந்த நேரம், என்ன ஆயுதம் என்று கேட்டுக் கணினியில் பதியத் தொடங்கினார்கள். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவலை நகராட்சிக்கும் போலீசுக்கும் கொடுத்தார்கள். எந்த மதுக்கடை, எந்தத் தெரு, எந்தக் கிழமை என்று தெரிந்ததும் ரோந்தை அங்கே மாற்ற முடிந்தது. இதே போன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் கார்டிஃபில் 42 சதவீதம் குறைவாக இருந்தார்கள்.

நம் ஊரில் ஏ.ஆர். பதிவேடு ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் தாக்குதல் காயங்களை மட்டும் எடுத்து, பெயர் இல்லாமல், இடமும் நேரமும் வாரியாகப் பட்டியலிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட நிர்வாகக் கூட்டத்தில் வைக்கலாம். இதற்குத் தனியாக நிதி வேண்டாம், மனசு வைக்கும் ஒரு எழுத்தர் இருந்தால் நடக்கும்.

பல்லையும் சொல்லிவிடுகிறோம். விழுந்தது நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: யார் வன்முறையில் இறங்குவார்கள் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டுச் சொல்லும் வினாத்தாள் இருக்கிறதாமே?
– செவிலியர் கல்லூரி மாணவி, சேலம்

இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிளின்ட் நகர அவசரப் பிரிவில் 14 முதல் 24 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ‘சேஃப்டி’ மதிப்பெண் நான்கே கேள்வி கொண்டது: கடும் சண்டையில் இறங்கியது, ஆயுதம் வைத்திருக்கும் நண்பர்கள், சுற்றுப்புறத்தில் துப்பாக்கிச் சத்தம், துப்பாக்கி காட்டி மிரட்டப்பட்டது. 0 முதல் 10 வரை மதிப்பெண். அது துப்பாக்கி வன்முறையைக் கணிக்க அந்த ஊருக்காக உருவானது. அதைத் தமிழாக்கி நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது தவறு. முதல் இரண்டு கேள்விகளை மட்டும் பேச்சில் கேளுங்கள். “உன் செட்ல யாராவது கத்தி வச்சிருக்காங்களா?” என்பதற்குப் பிள்ளைகள் நாம் எதிர்பார்ப்பதைவிட நேராகவே பதில் சொல்வார்கள், கேள்வி தன்னைப் பற்றி இல்லையே!

கேள்வி: ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டக் குழுவில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறேன். பல், கண், ரத்தசோகை பார்க்கவே நேரம் சரியாகிறது. பள்ளியில் நடக்கும் அடிதடியை நான் எங்கே பார்ப்பது?
– மருத்துவ அலுவலர், தூத்துக்குடி மாவட்டம்

உங்கள் கண்ணில் படுவது அடிதடியாக இருக்காது. திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, அடிக்கடி தலைவலி, தூக்கமின்மை, திடீரென மதிப்பெண் சரிவு, கிழிந்த சட்டை, தொலைந்த பை, ஒரு குறிப்பிட்ட பஸ்ஸில் ஏற மாட்டேன் என்ற பிடிவாதம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கு வராமல் நிற்பது இவைதான் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டதை உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதற்குமுன் அந்தப் பையன் பள்ளிக்கு வராமல் நின்றான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் சாதியின் பெயரால் அவனுக்கு நேர்ந்த தொல்லை வெளியே வந்தது. புகார் கொடுத்த பிறகு தாக்குதல் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. மருத்துவப் பணியாளர்களுக்கு இதில் பாடம் ஒன்று உண்டு. தொல்லையைச் சொன்ன பிள்ளைக்கு, சொன்ன அன்றைக்கே ஆபத்து கூடுகிறது. ஆகவே புகாரை அனுப்புவதற்கு முன் இன்று வீட்டுக்கு எப்படிப் போவான், யார் கூடப் போவார்கள், எதிர்த் தரப்புக்குப் பெயர் தெரியாமல் எப்படி விசாரிப்பது என்று தலைமை ஆசிரியரோடு பேசி முடியுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் சமாதானம் தொல்லைப்பட்ட பிள்ளையை இன்னும் மாட்டிவிடும்.

பரிசோதனையின்போது கையில் இருக்கும் கயிறைப் பார்த்து நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களை எந்தப் பக்கத்து ஆள் என்று பிள்ளை எடைபோடத் தொடங்கினால் பிறகு எதுவும் வெளியே வராது.

போதையும் இங்கேயே கண்ணில் படும். கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் வைத்த உதட்டின் உட்பக்கம் வெளிறியிருக்கும். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு இருந்தால் வலிமாத்திரையைக் கரைத்து ஏற்றுகிறானா என்று கேளுங்கள். டபென்டடால் மாத்திரை அப்படித்தான் பயன்படுகிறது. பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. பிள்ளையைக் குற்றவாளியாக்காமல் விற்பவனைப் பற்றித் தகவல் தரலாம்.

எண்கள்: பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1098, பள்ளிக் கல்வித் துறைக்கு 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

கேள்வி: தைத்து அனுப்பிய பையன் அடுத்த மாதம் இன்னும் பெரிய காயத்தோடு வருகிறான். இதை எப்படித் தடுப்பது?
– அறுவை சிகிச்சைப் பிரிவு செவிலியர், சென்னை

நீங்கள் கவனித்தது ஆய்வுகளிலும் தெரிகிறது. ஃபிளின்ட் நகரில் போதைப் பழக்கம் உள்ள 14–24 வயதினரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தாக்குதல் காயத்தோடு வந்திருந்தவர்களில் சுமார் 37 சதவீதம் பேர் மறுபடி வன்முறைக் காயத்தோடு வந்தார்கள். வேறு காரணத்துக்காக வந்திருந்தவர்களில் அது 22 சதவீதம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தூங்க முடியாமல், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு, பயத்தில் இடுப்பில் கத்தி வைத்துக்கொள்ளும் பையனை ரவுடி என்று எழுதிவிடுகிறோம். அவனுக்கு மனநல மருத்துவர் தேவை.

முதல் 24 மணி நேரம் முக்கியம். இரண்டு தரப்பும் ஒரே மருத்துவமனைக்கு வந்தால் ஒரே வார்டில் போடாதீர்கள். விசாரிக்க வருபவரிடம் படுக்கை எண் சொல்லாதீர்கள். கட்டுப்போட்ட கையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட விடாதீர்கள். பல பதிலடிகள் அந்தப் படத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. டிஸ்சார்ஜ் சமயத்தில், சில நாள் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ தங்க முடியுமா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

அடுத்த வாய்ப்பு தையல் பிரிக்கும் நாள். முகத்தில் என்றால் 5 நாள், தலையில் 7 முதல் 10, கை கால்களில் 10 முதல் 14 நாள். முடிந்தவரை முதலில் பேசிய அதே செவிலியர் இருக்கும் நாளாகத் தேதி கொடுங்கள். அன்று கோபம் தணிந்திருக்கும், வலி மறந்திருக்காது. “அவனை மறுபடி எங்க பார்ப்ப? பார்த்தா என்ன செய்வ? அந்த இடத்துக்குப் போகாம இருக்க முடியுமா? கூட எந்த ஃப்ரெண்ட் இருந்தா நீ அமைதியா இருப்ப?” என்று அவன் வாயிலிருந்தே திட்டத்தை வரவழையுங்கள். குடியும் சண்டையும் இருந்த 14–18 வயதுப் பிள்ளைகளிடம் ஃபிளின்டில் இப்படிச் சுமார் 35 நிமிடம் பேசிப் பார்த்தார்கள். ஆலோசகர் பேசிய பிள்ளைகளிடம் மூன்று மாதம் கழித்துச் சண்டை குறைந்திருந்ததை 2010-இல் வெளியிட்டார்கள். அறிவுரை சொன்னதால் வந்த பலன் அல்ல இது. பேச வேண்டியவன் அவன், நீங்கள் கேட்க வேண்டியவர்.

பெயர் சொல்லி, நாள் குறித்து, “அவனைப் போடாம விட மாட்டேன்” என்றால் அது வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. ஆனால் இன்னொருவருக்கு வரும் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத் தகவல் சொல்ல மனநலப் பணியாளருக்கு அதே பிரிவு இடம் தருகிறது. உடனே மருத்துவரையும் மனநலப் பிரிவையும் அழையுங்கள், பையனைத் தனியே விடாதீர்கள். அதே நாளில் தற்கொலை எண்ணத்தையும் கேளுங்கள். பிறரைக் கொல்லத் துடிப்பவனிடம் தன்னை முடித்துக்கொள்ளும் எண்ணமும் இருப்பது அரிதல்ல.

கேள்வி: கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். நான் பார்ப்பதெல்லாம் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான். என் பங்கு ஏதும் உண்டா?
– தர்மபுரி மாவட்டம்

நிச்சயம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் குழுவினர், சிரமத்தில் இருந்த இளம் தாய்மார்களின் வீடுகளுக்குக் கர்ப்ப காலத்தில் இருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர்களை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் 15 வயதில் கைதான எண்ணிக்கை குறைந்திருந்ததை 1998-இல் வெளியிட்டார்கள். அடி, குடி, பசி இருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு ஒரு தடவை கூடுதலாகப் போங்கள். குழந்தை அழுதால் குலுக்காதே, அடிக்காதே, பேசு என்று செய்து காட்டுங்கள். அம்மா அடிபடுவதைப் பார்த்தால் 181-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்டில் படுத்திருக்கும் பையனின் தலையணைக்கு அடியில் கத்தி இருந்தது. என்ன செய்வது?
– செவிலியர், கடலூர்

கை வைக்காதீர்கள், பிடுங்காதீர்கள். சாதாரணமாகக் கட்டிலை விட்டு நகர்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்புங்கள். பணி மருத்துவருக்கும் மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். பையன் அமைதியாக இருந்தால் மருத்துவர் வந்து, “வார்டுல இது இருக்கக் கூடாது தம்பி, எடுத்து மேசைல வை” என்று கேட்கலாம். கையிலிருந்து கைக்கு வாங்கக் கூடாது. பதற்றமாக இருந்தால் போலீஸ் வரும்வரை யாரும் கிட்டே போக வேண்டாம், அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க வேண்டாம். எடுத்த பிறகு, யாருக்குப் பயந்து வைத்திருந்தான் என்று கேட்டு எழுதுங்கள். பொருளை ஒப்படைத்ததற்குப் பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.